மெஷின் ஓடுகிற வரைக்கும்

ஒரு மனுஷியைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று விரிவுரையாளர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெயரை எடுத்தார். வயதைக் கூட்டினார். குரலை ஒரு மென்பொருளில் போட்டு இறக்கினார். அந்த அம்மாள் தொண்டை கட்டிய போலீஸ்காரர் மாதிரி பேசும்வரை இறக்கினார். கடைசியில் ‘பங்கேற்பாளர் ஏழு’ என்று நாமகரணமும் சூட்டி, இனி அவளைப் பெற்ற தாயாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாக மூச்சு விட்டார். அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினை மட்டும் அவர் கவனிக்கவில்லை. மெஷின்தானே என்று இருந்துவிட்டார்.

வேறு எந்தக் கூட்டத்திலும் இது ஒரு தப்பே இல்லை. ஆனால் அவர் ஆராய்ந்த கூட்டம் அப்படிப்பட்டது.

‘கழட்டிப் பார்ப்போம்’ என்று ஒரு பாட்காஸ்ட். ஒரு மெக்கானிக்கும் அவருடைய மச்சானும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து வீட்டு மெஷின்களின் நோய்நொடிகளைப் பேசுவார்கள். மெக்கானிக்குக் கை ஓடும், வாய் ஓடாது. மச்சானுக்கு வாயைத் தவிர வேறெதுவும் ஓடாது. அதனால் நிகழ்ச்சி நன்றாக நடந்தது. கேட்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. குழுவில் ஒரே ஒரு சட்டம்: ‘என் மெஷின் கெட்டுப்போச்சு’ என்று யாரும் எழுதக் கூடாது. போனை மெஷின் பக்கத்தில் பிடித்து அதன் சத்தத்தைப் போட வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டு நோயைச் சொல்வார்கள். வருஷக்கணக்காக இப்படிக் கேட்டுக் கேட்டு அந்த ஜனங்களுக்குக் காது பழுத்துவிட்டது. ஃபேன் சுற்றுவதைக் கேட்டு, அது யார் வீட்டு ஃபேன், எந்த இறக்கை வளைந்திருக்கிறது என்று சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். என்ன கோளாறோடு ஒருவர் உள்ளே வந்தாரோ அதுவே அவருக்குப் பெயர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

விரிவுரையாளர் அங்கே ஆராய்ச்சிக்காகப் போகவில்லை. அவர் வீட்டு மெஷின் ஒருநாள் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே விடமாட்டேன் என்றது. அழுக்குத் தண்ணீரில் ஒரு வாரத்துத் துணி ஊறிக்கொண்டிருக்க, மனைவி அவரைப் பார்த்த பார்வை தாங்காமல் குழுவில் சேர்ந்து சத்தத்தைப் போட்டார். முதலில் பதில் சொன்னவள் கடகடா அக்கா.

“தம்பி, பம்புல ஏதோ துணி மாட்டியிருக்கு. மெஷினுக்குக் கீழ ஒரு சின்னக் கதவு இருக்கும், அதத் திறங்க. அதுக்கு முன்னாடி தரையில ஒரு பெரிய துண்டு விரிச்சுக்கோங்க.”

விரிவுரையாளர் படித்தவர். துண்டை விரிக்காமல் திறந்தார். வெள்ளம் வடிந்தபின், போன வருஷம் காணாமல் போனதற்காக மனைவியிடம் அவர் சண்டை போட்ட கறுப்புச் சாக்ஸ் கையோடு வந்தது. படத்தைக் குழுவில் போட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் ‘சாக்ஸ்’. பல்கலைக்கழகத்தில் அவர் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டங்கள் உண்டு. எதிலும் இத்தனை பிரியம் இருந்ததில்லை.

அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைந்தது. துறைத் தலைவர் கூப்பிட்டு, “புதுசா ஏதாவது களம் இருக்காப்பா?” என்று கேட்டார். தனக்கே தெரியாமல் விரிவுரையாளரின் வாய், “ஒரு குழு இருக்கு சார்” என்றது.

கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள்: ‘இல்லப் பொறிகளும் உணர்வுழைப்பும்: ஓர் இணையக் கேட்போர் குழுமத்தின் ஒலிசார் நெருக்கங்கள்’. தலைப்பைப் படித்த மனைவி, “அதாவது ஒட்டுக்கேக்கப் போறீங்க” என்றாள்.

“பங்கேற்பு நோக்கல்.”

“அதான், உள்ளேயே உக்காந்து ஒட்டுக்கேக்குறது.”

அறநெறிக் குழு என்று பல்கலைக்கழகத்தில் ஒன்று உண்டு. மருத்துவக்காரர்களுக்காக ஏற்பட்டது, மற்றவர்களையும் பிஸ்கட் தீரும்வரை விசாரிக்கும். ஊசி போடுவீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். ரத்தம் எடுப்பீர்களா? இல்லை. யாரையாவது தொடுவீர்களா? இல்லை, கேட்பதோடு சரி. அப்படியானால் ஆபத்தில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தலைவர் விரலை ஆட்டினார். “ஆய்வு முடிஞ்சதும் மூலப் பதிவுகள் எல்லாத்தையும் அழிச்சிரணும். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு.”

ஒப்புதலும் வாங்கினார். மெக்கானிக் தலையாட்டினார். மச்சான் ஒரு நிகழ்ச்சியின் கடைசியில், உப்புக் கறை நீக்கும் பொடியின் விளம்பரமெல்லாம் முடிந்தபின், “நம்ம குழுவுல ஒரு வாத்தியாரு நம்மளப் பத்திப் படிக்கிறாராம், நல்லாப் படிச்சுப் பாஸாகட்டும்” என்று சொல்லிச் சிரித்தார். அதற்கு முன்பே எல்லோரும் நிறுத்திவிட்டுச் சமைக்கப் போயிருப்பார்கள் என்று விரிவுரையாளருக்குத் தெரியும். வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுக் குடியிருப்பவரின் பீரோவைத் திறப்பது மாதிரிதான் இது என்றும் தெரியும். தெரிந்ததை அவர் கட்டுரையின் அடிக்குறிப்பில் போட்டார். மனசாட்சியை அடிக்குறிப்பில் போட்டுவிட்டால் மேலே தாராளமாக எழுதலாம்.

கடகடா அக்காவின் மெஷினில் டிரம் பேரிங் போயிருந்தது. கட, கட, கட்டக். ஒவ்வொரு மூன்றாவது சுற்றிலும் ஒரு தட்டு. பேரிங்கை மாற்றச் சொல்லிக் குழு தலைபாடாய் அடித்துக்கொண்டது. அக்கா “பார்க்கலாம், பார்க்கலாம்” என்பாள். லேத் பட்டறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற கிரீஸ் மாமாதான் கொஞ்சநாளில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, “அந்த மெஷின விட்டுருங்கப்பா, அது நல்லாத்தான் ஓடுது” என்று எல்லோர் வாயையும் அடைத்தார்.

விஷயம் இதுதான். அக்காவின் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து பக்கத்து அறையில் படுக்கையில் இருந்தாள். புருஷன் காலையில் போனால் ராத்திரிதான். வீட்டில் ஒரு வார்த்தை மனசுவிட்டுப் பேச முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் காது இருந்தது. அதனால் மத்தியானம் மெஷினைப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் குழுவினர் கூடிப் பேசும் குரல் அறைக்கு வருவாள். வருகிறவர்களின் பெயர் திரையில் தெரியும். நாலைந்து பேர் இருப்பார்கள். “மெஷின் ஓடுற வரைக்கும்தான் பேசுவேன். அது நின்னா நானும் நின்னுருவேன்” என்பாள். சில நாள் துணியே இல்லாமல் வெறும் மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தின் வித்தியாசமும் அவர்களுக்குத் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படி ஒரு மத்தியானம் அவள் சொன்னாள்.

“எங்க மாமியாருக்கு இன்னைக்குக் காலைல பல் தேச்சுவிட்டுக்கிட்டிருந்தேன். இவங்க சீக்கிரம் போயிட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். கை பாட்டுக்குத் தேய்க்குது, மனசு பாட்டுக்கு அத நெனைக்குது.”

விரிவுரையாளர் தன் மைக்கை அணைத்துவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தார். கை மயிர் சிலிர்த்தது. துக்கத்தில் அல்ல. தூண்டிலில் பெரிய மீன் மாட்டினால் சிலிர்க்குமே, அப்படி. பிறகு எத்தனையோ தடவை அந்தச் சிலிர்ப்பை வேறு பெயரில் கூப்பிட முயன்று பார்த்தார், அது வரவில்லை.

கருத்தரங்கில் அந்தப் பதிவிலிருந்து ஒரு துண்டைப் போட்டார். குளிர்சாதன அரங்கில் போலீஸ்காரர் குரல், “மனசு பாட்டுக்கு அத நெனைக்குது” என்றது. பிறகு கைதட்டல். முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நொடி போனை எடுத்துப் பார்த்தார். துறைத் தலைவர் தோளில் தட்டி, “பங்கேற்பாளர் ஏழு பிரமாதம்பா” என்றார், ஏதோ விருந்தில் ஏழாவது பதார்த்தத்தைப் பாராட்டுவது மாதிரி. உரையின் வீடியோவைப் பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கத்தில் போட்டது. விரிவுரையாளர் விதிப்படி மூலப் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்தார். அறநெறிக் குழு அவருக்கு ஒரு பாராட்டு மின்னஞ்சல் அனுப்பியது.

மறுவாரம் அந்த வீடியோவைக் குழுவில் கொண்டுவந்து போட்டது மச்சான்தான். “நம்மளப் பத்தி யுனிவர்சிட்டில பேசியிருக்காங்கப்பா. நம்ம சாக்ஸுதான் அந்த வாத்தியாரு, தெரியுமா?”

விரிவுரையாளர் கேன்டீனில் டீயோடு உட்கார்ந்திருந்தார். போனில் சந்தோஷம் வந்து கொட்டியது. சாக்ஸுக்குக் கோட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். சாக்ஸ் போட்டிருக்கிறாரா, படத்தில் கால் தெரியவில்லையே என்றார்கள். பிறகு யாரோ கேட்டார்கள்: “நடுவுல பேசுற போலீஸ்காரர் யாரு?”

“ஆள விடு. பின்னாடி மெஷின் ஓடுது பாரு, அதக் கேளு.”

அவ்வளவுதான், விளையாட்டு தொடங்கிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு. முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றது ஒரு குரல். கொஞ்சம் சாய்வான தரை என்றது இன்னொன்று. எல்லோர் வாயையும் பொத்தியிருக்கக்கூடிய கிரீஸ் மாமா அன்றைக்குப் பார்த்துக் கண் ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘டப்டப்பா’ என்கிற இளைஞன் முந்திக்கொண்டான்.

“கட, கட, கட்டக். இது நம்ம கடகடா அக்கா மெஷின்லப்பா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.”

கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. இதயங்கள் வந்தன. ‘அக்கா, நீங்க யுனிவர்சிட்டிக்கே போயிட்டீங்க’ என்றார்கள். அதற்கப்புறம்தான் யாரோ ஒருவர் மெஷினை விட்டுவிட்டு அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். பொம்மைகள் நின்றன. கடைசியாகத் திரையில் ஒரு வரி வந்தது: ‘புகை குழுவிலிருந்து வெளியேறினார்.’

புகை, கடகடா அக்காவின் நாத்தனார். அவளுடைய இஸ்திரிப்பெட்டி புகைந்தபோது அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து குழுவில் சேர்த்திருந்தாள்.

விரிவுரையாளர் விளையாட்டின் நடுவிலேயே ‘இது அவங்க மெஷின் இல்ல’ என்று எழுதினார். பொய் சொல்வது ஆய்வு நெறிக்கு விரோதம் என்று அழித்தார். ‘தயவுசெஞ்சு நிறுத்துங்க’ என்று எழுதினார். ஆய்வாளர் களத்தில் தலையிடக் கூடாது என்று அதையும் அழித்தார். நெறி அவரைக் கைகாலைக் கட்டிப் போட்டிருந்தது. கட்டிப் போட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியது.

வீடியோவை எடுக்கச் சொல்லித் துறைத் தலைவரிடம் போனார்.

“எடுக்கிறதா? எவ்ளோ பேரு பார்த்திருக்காங்க தெரியுமா?”

“அதனாலதான் சார். அந்தம்மாவ வீட்ல கண்டுபிடிச்சிட்டாங்க.”

“எந்தம்மா?”

“பங்கேற்பாளர் ஏழு சார்.”

“அவங்க புகார் குடுத்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப பாதிப்பு இல்லியேப்பா.” தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “பேர எடுத்திருக்க. குரல மாத்தியிருக்க. மெஷினுக்கு ஒப்புதல் வாங்கணும்னு எந்த விதியிலயும் இல்ல. வேணும்னா ஒண்ணு பண்ணு, இதையே அடுத்த கட்டுரையா எழுதிரு. ‘ஒலியும் அநாமதேயமும்’. நல்லா வரும்.”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், நல்லாத்தான் வரும் என்று விரிவுரையாளருக்கே தோன்றியது. அந்தக் கணத்துக்காக வெட்கப்பட்டு அவர் வராந்தாவில் வெகுநேரம் நின்றார். பிறகு நேராகக் கணினிப் பிரிவுக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம் சொன்னார். அவள் “எடுக்கணுமா? சரி சார்” என்று ஒரு தட்டுத் தட்டினாள். வீடியோ போயிற்று. கேட்டவர்களின் காதிலிருந்து எடுக்க அவளிடம் பொத்தான் இல்லை.

அக்காவுக்குப் போன் செய்யப் பலமுறை எடுத்தார், வைத்தார். கடைசியில் அவளே கூப்பிட்டாள். அவர் முதலில் கவனித்தது அவள் குரலை அல்ல. பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை.

“மெஷின் ஓடலியேன்னு பாக்குறீங்களா தம்பி? எங்க வீட்டுக்காரர் ஆளக் கூட்டிட்டு வந்து பேரிங்க மாத்திட்டாரு. ஒரு வார்த்த பேசல. மெஷின மட்டும் சரிபண்ணிட்டுப் போயிட்டாரு. இப்ப அது ஓடுறதே தெரியல.”

“அக்கா…”

“நாத்தனார் வந்து அத்தைய அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. ‘உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்’னு மட்டும் சொன்னா. திட்டியிருந்தா பரவால்ல. அவங்க போகணும்னுதானே நெனச்சேன். போயிட்டாங்க. காலைல எந்திரிச்சு பிரஷ்ஷுல பேஸ்ட வச்சிட்டு நிக்கிறேன், யாருக்கு வச்சேன்னு தெரியல.”

விரிவுரையாளர் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினார். எழுதித்தான் அவருக்குப் பழக்கம். வாயில் வரும்போது அது சுற்றறிக்கை மாதிரி வந்தது. “ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறேன்கா” என்றார். அந்தப் பக்கம் அவள் சிரித்த மாதிரி ஒரு சத்தம்.

“அன்னைக்கு நான் பேசும்போது ரூம்ல யார் யாரு இருக்காங்கன்னு பார்த்தேன் தம்பி. எப்பவும் பார்ப்பேன். கிரீஸ் மாமா இருந்தாரு. சாக்ஸுன்னு இருந்துச்சு. நம்ம சாக்ஸ் தம்பிதானேன்னுதான் சொன்னேன்.”

களத்தில் ஆய்வாளரின் இருப்பு எந்தத் தாக்கத்தையும் ஏற்படுத்தவில்லை என்று கட்டுரையில் எழுதியிருந்தார்.

“எனக்கு ஒரே ஒரு உதவி செய்ங்க” என்றாள். “நான் அதோட நிறுத்தலியே. அதுக்கப்புறமும் பேசினேனே. அத எதுக்கு வெட்டினீங்க?”

பேசியிருந்தாள். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ‘அப்படி நெனச்சுக்கிட்டே இருக்கேன், அவங்களுக்குப் புரையேறிச்சு. பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுட்டு நெஞ்ச நீவிவிட்டுக்கிட்டே அழுறேன். அவங்க இல்லாம இந்த வீட்ல நான் யாருகிட்ட சண்ட போடுவேன்? ரெண்டும் நான்தான் நெனைக்கிறேன்.’ அந்தப் பகுதி வாதத்தை நீர்த்துப்போகச் செய்கிறது என்று அவர் வெட்டினார். வெட்டிய இடத்தில்தான் கைதட்டல் வந்தது.

“அந்த மிச்சத்த எனக்கு அனுப்பிருங்க தம்பி. நாத்தனாருக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுறேன். நான் சொன்னா நம்பமாட்டா. மெஷின் சத்தத்தோட கேட்டா நம்புவா.”

“அத அழிச்சிட்டேன்கா.”

“எத?”

“முழுசையும். அழிக்கணும்னு விதி. உங்க… உங்க பாதுகாப்புக்காக.”

போனில் கேட்டது மெஷின் சரியாகிவிட்ட வீட்டின் சத்தமின்மை. பிறகு அவள் நாத்தனாரின் விலாசத்தைச் சொன்னாள். “அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் போனா கதவத் திறக்கமாட்டா.”

கிளம்பும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “நம்ம மெஷின்கூட அன்னைக்கு உள்ள வாங்கினத வெளிய விடாம வச்சிருந்துச்சு” என்றாள்.

நாத்தனார் வீடு இரண்டாம் மாடி. வாசலில் ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் கழற்றி அதற்குள் திணித்துவிட்டு மணியை அடித்தார். நாத்தனாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மருந்துக்கடைச் சீருடையில் இருந்தாள், தோளில் ஈரத் துண்டு. நாலு நாளில் பத்து நாள் தூக்கத்தைத் தொலைத்த முகம். அவர் யாரென்று சொன்னதும் கதவைச் சாத்தவில்லை. திறந்துவிட்டு உள்ளே போனாள். அது அதைவிட மோசமாக இருந்தது.

கூடத்தில் நின்றுகொண்டே சொன்னார். அக்கா மேற்கொண்டு பேசியதை, புரையேறியதை, நெஞ்சை நீவியதை, யாரோடு சண்டை போடுவேன் என்றதை, ஒரு சொல் விடாமல். சொல்லச்சொல்லத் தன் குரலே போலீஸ்காரர் குரல் மாதிரி அவருக்குக் கேட்டது.

“ரெக்கார்டு எங்க?” என்றாள் நாத்தனார்.

“இல்ல. அழிச்சிட்டேன்.”

“தப்பா இருக்கிறத ஊருக்கே போட்டுக் காட்டுவீங்க. நல்லதா இருக்கிறத அழிச்சிட்டு வந்து வாயால சொல்லுவீங்க. நாங்க நம்பணும்.”

“நம்பலாம்மா. வெட்டினது நான்தான். உங்க அண்ணி மேல தப்பில்ல.”

“அத நீங்க சொல்லாதீங்க சார்.”

அவள் சொன்னது நியாயமாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒரு கிழக்குரல் வந்தது. “யாருடி அது, நின்னுக்கிட்டே பேசுறது?”

நாத்தனார் அவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். “அதாம்மா. அண்ணி பேசினத ஒட்டுக்கேட்டவரு.”

“உள்ள வரச் சொல்லு.”

கட்டிலில் ஒரு சின்ன உருவம். தலை வாரப்பட்டிருந்தது, ஆனால் வகிடு கோணலாக. வாரிவிட்டவளுக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தது. மாமியார் அவரை மேலிருந்து வெறுங்கால்வரை பார்த்தாள்.

“அவ புரையேறினதச் சொன்னாளா இல்லியான்னா இங்க பஞ்சாயத்து?” என்றாள். “சொன்னா. அப்புறம் மூக்கச் சிந்தினா.”

நாத்தனார் திரும்பினாள். “உனக்கெப்படித் தெரியும்?”

“ஏன்டி, அந்த மெஷின் போடுற சத்தத்துக்கு மேல போன்ல இருக்கவங்களுக்குக் கேக்கணும்னா அவ கத்தித்தானே பேசணும்? தெனம் மத்தியானம் கத்துவா. அக்கம்பக்கத்துக்குக் கேட்டுச்சோ என்னவோ, எனக்கு ஒண்ணுவிடாமக் கேக்கும். நான் சீக்கிரம் போகணும்னு சொன்னதும் கேட்டுச்சு. எனக்கே அப்படித்தான் தோணும், அவளுக்குத் தோணக் கூடாதா?”

“என்கிட்ட ஏம்மா சொல்லல? நாலு நாளா…”

“நீ கேட்டியா? பொட்டிய எடுத்த, என்னத் தூக்கின, கொண்டுவந்து போட்ட.”

சிக்கல் அவிழ்ந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும், தானும் இதில் ஒரு நல்ல காரியத்துக்குக் கருவியாக இருந்திருக்கிறோம் என்கிற ஒரு சூடான எண்ணம் விரிவுரையாளர் நெஞ்சில் மெல்ல ஏறத் தொடங்கியது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். கிழவி பார்த்துவிட்டாள்.

“நானுந்தான் தம்பி ஒட்டுக்கேட்டேன்” என்றாள். “வெளிய சொன்னேனா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிழவி அதற்குமேல் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. மகளிடம், தன்னை எப்போது கொண்டுபோய் விடப்போகிறாய் என்று கேட்டாள். மகள், நாளைக்கு லீவு கிடைக்குமா பார்க்கிறேன் என்றாள். அண்ணன் அந்த மெஷினைச் சரிபண்ணிவிட்டானாமே, இனி அவள் எங்கே போய்ப் பேசுவாள் என்றும் கிழவி கேட்டாள்.

வாசலில் ஷூவுக்குள் கையை விட்டுச் சாக்ஸை எடுத்தார். உள்ளிருந்து இருவரின் பேச்சு கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது. பழக்கதோஷத்தில் காது அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததை உணர்ந்ததும், சாக்ஸைச் சட்டைப்பையில் திணித்து, வெறுங்காலை ஷூவுக்குள் நுழைத்து, அதன் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே விறுவிறுவென்று படியிறங்கினார்.